மிஷின் நின்னாலும் காதுக்குள் நிற்காத ‘ங்ஙொய்’ சத்தம்: ஆம்பூர், வேலூர் தோல் தொழிலாளர்கள் உடனே டெஸ்ட் எடுக்க வேண்டியது ஏன்?

ஷிஃப்ட் முடிந்து மிஷின்களை ஆஃப் செய்தாகிவிட்டது. கம்பெனி பஸ் பிடித்து வீடு வந்து, சாப்பிட்டு, விளக்கை அணைத்துப் படுத்தால் காதுக்குள் மட்டும் ‘ங்ஙொய்’ என்று ஒரு சத்தம். பக்கத்தில் படுத்திருப்பவருக்கு அது கேட்பதில்லை. சிலருக்குச் சில்வண்டு கத்துவது போல, சிலருக்குக் குக்கர் விசில் போல, சிலருக்கு டிவியில் சேனல் வராதபோது வரும் இரைச்சல் போல இருக்கும்.

‘வயசாகுது, அப்படித்தான் இருக்கும்’, ‘காதுல அழுக்கு சேர்ந்திருக்கும்’ என்று பலரும் இதைக் கடந்துபோகிறார்கள். ஆனால் டேனரியிலோ ஷூ கம்பெனியிலோ வேலை பார்ப்பவருக்கு இந்தச் சத்தம் வந்தால், செவித்திறன் குறையத் தொடங்கிவிட்டது என்பதற்கான முதல் எச்சரிக்கை மணியாக அது இருக்கலாம்.

இந்தச் சத்தம் எப்படி வருகிறது, என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும், மருந்து உண்டா, சட்டம் என்ன சொல்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

காது இரைச்சல் என்றால் என்ன?

வெளியே எந்தச் சத்தமும் இல்லாதபோது காதிலோ தலைக்குள்ளோ சத்தம் கேட்பதை மருத்துவர்கள் ‘டின்னிட்டஸ்’ என்கிறார்கள். இது தனி நோய் அல்ல, ஓர் அறிகுறி. காய்ச்சல் வந்தால் உடம்பில் எங்கோ ஏதோ நடக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம் அல்லவா, அதுபோலத்தான் இதுவும்.

இது அபூர்வமான பிரச்சினையும் அல்ல. 2022ஆம் ஆண்டு ‘ஜாமா நியூராலஜி’ மருத்துவ இதழில் வெளியான உலகளாவிய ஆய்வுத் தொகுப்பின்படி, பெரியவர்களில் சுமார் 14 சதவிகிதம் பேருக்கு, அதாவது 74 கோடிக்கும் அதிகமானோருக்கு, ஏதோ ஒரு கட்டத்தில் காது இரைச்சல் இருந்திருக்கிறது. அதில் 12 கோடி பேர் இதைப் பெரும் தொந்தரவாக உணர்கிறார்கள்.

இல்லாத சத்தம் எப்படிக் கேட்கிறது?

உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் சுமார் 15,000 நுண்ணிய மயிரிழைச் செல்கள் உள்ளன. வெளியே இருந்து வரும் ஒலி அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றி மூளைக்கு அனுப்புவது இவைதான்.

அதிக சத்தத்தில் இந்தச் செல்கள் களைத்துப்போகும். ஓய்வு கிடைத்தால் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ ஓரளவு தேறும். ஓய்வே கிடைக்காமல் வருடக்கணக்கில் அடி விழுந்தால் செத்துப்போகும். மனிதக் காதில் இவை மீண்டும் முளைப்பதில்லை.

செல்கள் குறையும்போது மூளைக்கு வரும் சமிக்ஞையும் குறைகிறது. ரேடியோவில் ஸ்டேஷன் சரியாகக் கிடைக்கவில்லை என்றால் நாம் வால்யூமைக் கூட்டுவோம். பாட்டு வராது, ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல்தான் கூடும். மூளையும் ஏறக்குறைய இதையே செய்கிறது. தனக்கு வராத சமிக்ஞையைத் தேடி அது தன் வால்யூமைக் கூட்டுகிறது. அந்த ‘ஸ்ஸ்’தான் காது இரைச்சல் என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம்.

தோல் பெல்ட்டில் இது ஏன் முக்கியம்?

வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் இந்தப் பகுதி, 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களாகப் பிரிந்தது. மாவட்டம் மூன்றானாலும் தொழில் ஒன்றுதான்: டேனரியும் ஷூ கம்பெனியும்.

இந்தப் பகுதியில் தோல் தொழிலின் பாதிப்பு என்றாலே பேச்சு பாலாற்றுக்குத்தான் போகும். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் வழங்கிய தீர்ப்பு, ‘மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும்’ என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. 2025 ஜனவரி 30 அன்றும் இழப்பீடு தொடர்பாக இன்னொரு தீர்ப்பு வந்தது. ஆற்றில் கழிவு கலந்தால் நிறம் மாறும், கிணற்றுத் தண்ணீர் உப்பாகும். கண்ணுக்குத் தெரியும். தொழிலாளியின் காதுக்குள் நடக்கும் சேதத்துக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது.

டேனரியில் சுழலும் டிரம்கள், சதை நீக்கும் ஃபிளெஷிங் மிஷின், கனத்தைச் சீவும் ஷேவிங் மிஷின், தோலை அடித்து மென்மையாக்கும் ஸ்டேக்கிங் மிஷின், பஃபிங் மிஷின், அதன் தூசியை இழுக்கும் புளோயர். ஷூ கம்பெனியில் கிளிக்கிங் பிரஸ், வரிசையாக ஓடும் தையல் மிஷின்கள், சுத்தியல் அடி, கம்ப்ரஸரில் இருந்து சீறும் காற்று. தனித்தனியாகக் கேட்டால் ‘பரவாயில்லை’ என்று தோன்றலாம். தகரக் கூரைக்குக் கீழே எல்லாம் சேர்ந்து எட்டு மணி நேரம், ஓவர்டைம் இருந்தால் அதற்கும் மேலே ஓடும்போது கணக்கு வேறு.

எவ்வளவு சத்தம் ஆபத்து?

சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனமான நையோஷ், ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் எல்லை என்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி நேரம், 100 என்றால் வெறும் 15 நிமிடம்.

இந்தியத் தொழிற்சாலைகளுக்கான மாதிரி விதிகள் இதைவிடத் தளர்வானவை. 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல், 100 டெசிபலில் 2 மணி நேரம் வரை வேலை செய்யலாம் என்கின்றன. நையோஷ் கணக்கில் 15 நிமிடம் மட்டுமே தாங்கும் சத்தத்தில் நம் விதிப்படி 2 மணி நேரம் நிற்கலாம். ‘எங்க கம்பெனியில சத்தம் விதிக்குள்ளதான் இருக்கு’ என்பதும் ‘காதுக்கு ஆபத்து இல்லை’ என்பதும் ஒன்றல்ல என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஓர் உதாரணம் போதும்.

கருவி இல்லாமல் எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு கை நீளத் தூரத்தில் நிற்பவரிடம் பேச நீங்கள் குரலை உயர்த்த வேண்டியிருந்தால், அங்கே சத்தம் 85 டெசிபலைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். மொபைலில் உள்ள ஒலி அளவி ஆப்கள் தோராயமான அளவைக் காட்டும். அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது, எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு எளிய வழி, ஞாயிற்றுக்கிழமையைக் கவனிப்பது. லீவு நாளில் இரைச்சல் குறைந்து, திங்கள் மாலை மறுபடியும் கூடினால், வேலையிடத்துச் சத்தம்தான் காரணம் என்ற சந்தேகம் வலுக்கிறது.

பசைக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்?

பலருக்கும் தெரியாத விஷயம் இது. ஷூ ஒட்டும் பசையிலும் தோலுக்கு அடிக்கும் ஸ்பிரேயிலும் டொலுவின், சைலீன், ஹெக்சேன் போன்ற கரைப்பான்கள் இருக்கலாம். இவை மூச்சு வழியாக ரத்தத்தில் கலந்து, உள்காதையும் காதில் இருந்து மூளைக்குப் போகும் நரம்பையும் பாதிக்கக்கூடியவை. சத்தமும் கரைப்பானும் சேர்ந்தால் சேதம் தனித்தனியாக வருவதைவிட அதிகமாகலாம் என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்புகள் 2018இல் எச்சரிக்கை வெளியிட்டன.

அதனால் ‘நான் மிஷின்ல இல்ல, பேஸ்டிங்லதான் இருக்கேன்’ என்பவருக்கும் இது பொருந்தும். பசை வேலை நடக்கும் இடத்தில் புகை உறிஞ்சும் வசதி இருப்பது நுரையீரலுக்கு மட்டுமல்ல, காதுக்கும் பாதுகாப்பு.

வேறு என்ன காரணங்கள்?

எல்லா இரைச்சலுக்கும் கம்பெனியே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

• காதில் மெழுகு அடைப்பு, சீழ், செவிப்பறையில் ஓட்டை
• முதுமையில் வரும் செவித்திறன் குறைவு
• உயர் ரத்த அழுத்தம், ரத்தசோகை, தைராய்டு கோளாறு
• தாடை மூட்டு, கழுத்துப் பிரச்சினைகள்
• அமிகாசின், ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகள், சில புற்றுநோய் மருந்துகள், அதிக அளவு ஆஸ்பிரின், குயினைன்
• இயர்போனில் அதிக சத்தத்தில் பாட்டு

கடைசிக் காரணத்தை இளம் தொழிலாளர்கள் கவனிக்க வேண்டும். நாள் முழுக்க மிஷின் சத்தம், திரும்பும் வழியில் பஸ் சத்தத்தை மறைக்க இயர்போனில் ஃபுல் வால்யூம். ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தில் காது இரண்டாவது ஷிஃப்ட் பார்க்கிறது. வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பதே பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை.

என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்?

முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர் காதுக்குள் பார்ப்பார். மெழுகு அடைப்புதான் காரணம் என்றால் அதை எடுத்தாலே சிலருக்குச் சத்தம் போய்விடும். வீட்டிலேயே பட்ஸ், ஊக்கு, கோழி இறகு விட்டுக் குடைவதும், எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும் வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நேராக நடுக்காதுக்குப் போய்விடும்.

அடுத்தது ஆடியோகிராம் எனப்படும் செவித்திறன் பரிசோதனை. சத்தம் புகாத அறையில் ஹெட்ஃபோன் மாட்டி, மெல்லிய ஒலி கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். வலி கிடையாது, ஊசி கிடையாது. முடிவு ஒரு வரைபடமாக வரும்.

சத்தத்தால் காது கெட்டிருந்தால் அந்த வரைபடத்தில் பெரும்பாலும் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸுக்குள், முக்கியமாக 4,000 ஹெர்ட்ஸ் அருகே, ஒரு பள்ளம் விழும். ஆரம்பத்தில் பேச்சு நன்றாகவே கேட்கும் என்பதால் ‘எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது’ என்று தோன்றும். ஆனால் பள்ளம் விழுந்திருக்கும். பின்னால் அது விரியும்போது கூட்டத்தில் பேச்சு புரியாது, குழந்தைகளின் கீச்சுக் குரல் புரியாது, டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்லத் தோன்றும்.

டெஸ்டுக்குப் போகும்போது மூன்று விஷயங்கள் முக்கியம்.

1. ஷிஃப்ட் முடிந்த கையோடு போக வேண்டாம். அந்த நேரத்தில் காது களைத்திருக்கும். ஓர் இரவு அமைதியாக ஓய்வெடுத்துவிட்டு, லீவு நாள் முடிந்த மறுநாள் காலையில் போவது நல்லது.
2. 3,000, 4,000, 6,000 ஹெர்ட்ஸ் அளவுகளும் பார்க்கப்பட்டதா என்று கேளுங்கள்.
3. ரிப்போர்ட்டை வாங்கி வையுங்கள். மொபைலில் போட்டோவும் எடுத்து வையுங்கள்.

தேவைப்பட்டால் நடுக்காது அழுத்தம் பார்க்கும் டிம்பனோமெட்ரி, மயிரிழைச் செல்களின் இயக்கத்தைப் பார்க்கும் ஓஏஇ பரிசோதனை, ரத்தப் பரிசோதனை ஆகியவற்றை மருத்துவர் சொல்வார். தொந்தரவின் அளவை அறிய 25 கேள்விகள் கொண்ட, 100 மதிப்பெண் வினாத்தாளும் உண்டு. ஸ்கேன் எல்லோருக்கும் தேவைப்படாது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. ஆகிய இடங்களில் காது மூக்கு தொண்டை பிரிவு உள்ளது. இ.எஸ்.ஐ. அட்டை இருப்பவர்கள் தங்கள் மருந்தகத்தில் இருந்தே பரிந்துரை பெறலாம்.

மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது

1700ஆம் ஆண்டு இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி தொழிலாளர் நோய்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தோல் பதனிடுவோரின் உடல்நலமும், செம்பு அடிப்போரின் காது கேளாமையும் அவர் எழுத்தில் இடம்பெற்றன. நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு ‘உன் தொழில் என்ன?’ என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்றார் அவர்.

மருத்துவர் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லிவிடுங்கள். எந்த மிஷின், எத்தனை வருடம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், பசையோ ஸ்பிரேயோ பயன்படுத்துகிறீர்களா என்பதைச் சொல்லி, சீட்டில் எழுதவும் கேளுங்கள்.

எப்போது தாமதிக்கவே கூடாது?

• திடீரென ஒரு காது கேட்காமல் போய் இரைச்சலும் வந்தால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரங்களுக்குள், எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு பலன் தரும்
• ஒரே ஒரு காதில் மட்டும் இரைச்சல் நீடித்தால்
• நாடித் துடிப்போடு சேர்ந்து ‘டுப் டுப்’ என்று கேட்டால்
• தலைசுற்றல், முகம் கோணுதல், தலையில் அடிபட்ட பிறகு வந்த இரைச்சல்

சரி, மாத்திரை இருக்கா?

சத்தத்தால் வந்த காது இரைச்சலை அடியோடு நிறுத்த நிரூபிக்கப்பட்ட மாத்திரை இன்றுவரை இல்லை. ஜிங்கோ பிலோபா, துத்தநாகம், மெலடோனின் போன்றவற்றை இதற்காகப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் அமைப்பு 2014 வழிகாட்டுதலில் கூறியது. ‘ஒரே மாதத்தில் காது இரைச்சல் காலி’ என்று ரீல்ஸில் வரும் சொட்டு மருந்து விளம்பரங்களுக்குப் பணத்தைக் கொட்டும் முன் இதை நினைவில் வையுங்கள்.

மாத்திரை இல்லை என்றால் வழியே இல்லை என்று அர்த்தமில்லை. பலன் தருபவை இவை.

காது கேட்கும் கருவி: செவித்திறன் குறைந்தவர்களுக்கு வெளிச்சத்தம் நன்றாகக் கேட்கத் தொடங்கினால் உள்சத்தம் பின்னுக்குப் போகும்.

பின்னணி ஒலி: முழு அமைதியில்தான் இரைச்சல் பெரிதாகத் தெரியும். படுக்கும்போது மின்விசிறி ஓடுவது, மொபைலில் மழைச் சத்தத்தை மெதுவாக வைப்பது உதவும். இரைச்சலை அமுக்கும் அளவுக்கு வைக்கக் கூடாது, அதற்குச் சற்றுக் கீழே இருந்தால் போதும்.

மனநல ஆலோசனை: ‘இது நிக்கவே நிக்காதா?’ என்ற பயம் தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்டால் இரைச்சல் கூடும். இந்தச் சுழலை உடைக்க அறிவாற்றல் நடத்தை சிகிச்சை உதவுவதற்கு நல்ல ஆதாரம் உள்ளது. சத்தம் மறையாது, ஆனால் அது தரும் துன்பம் குறையும். பெரும்பாலோருக்கு மூளை நாளடைவில் அதைக் கண்டுகொள்ளாமல் விடப் பழகுகிறது. மனம் தாங்கவில்லை என்றால் டெலி மானஸ் இலவச எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் ஆடியோகிராம் காகிதத்தின் மதிப்பு தெரியும்.

1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில், சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பு அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக இருந்தது. நிர்வாகம் மட்டுமல்ல, சிகிச்சை தரும் மருத்துவரும் தெரிவிக்க வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய பணிப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் தொகுப்பிலும் இது தொடர்கிறது. அதிக சத்தமுள்ள இடத்தில் வேலை செய்பவருக்கு, சேர்ந்த 14 நாட்களுக்குள் ஒருமுறையும் பிறகு 12 மாதத்துக்கு ஒருமுறையும் செவிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்கின்றன மாதிரி விதிகள்.

இ.எஸ்.ஐ. சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலிலும் ‘சத்தத்தால் வரும் செவித்திறன் குறைபாடு’ இருந்தது. குறைந்தது ஆறு மாதம் தொடர்ச்சியாக அத்தகைய வேலையில் இருந்தவருக்கு நோய் வந்தால், அது வேலையால் வந்ததாகக் கருதப்படும். அந்தப் பட்டியலை 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் எடுத்துக்கொண்டுள்ளது.

கவனிக்க வேண்டியது இதுதான்: பட்டியலில் இருப்பது செவித்திறன் இழப்பு. காது இரைச்சல் அல்ல. ‘காதுக்குள்ள சத்தம் கேக்குது’ என்பதை வெளியே இருந்து யாரும் அளக்க முடியாது. வரைபடத்தில் விழுந்த பள்ளத்தை அளக்க முடியும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 வழியாகப் போனாலும் சிக்கல் உண்டு. இரண்டு காதிலும் பேச்சு அலைவரிசைகளில் 60 முதல் 70 டெசிபல் இழப்பு இருந்தால்தான் அந்தச் சட்டம் ஒருவரைக் ‘காது மந்தமானவர்’ என்கிறது. அந்த அளவுக்குப் போகும் முன்பே தொழிலாளியின் தூக்கமும் வேலையும் கெட்டுப்போயிருக்கும்.

கேட்கத் தயங்குவது ஏன்?

ஷூ கம்பெனிகளில் பெரும்பாலும் பெண்கள் வேலை செய்கிறார்கள். பலர் ஒப்பந்தத்திலும் பீஸ் ரேட்டிலும் இருக்கிறார்கள். ஒரு கம்பெனியில் இரண்டு வருடம், அடுத்ததில் மூன்று வருடம் என மாறுகிறார்கள். காது கெடுவதற்குப் பத்து வருடம் ஆகலாம். கடைசியில் எந்தக் கம்பெனியில் கெட்டது என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

‘காது கேக்கலைன்னு சொன்னா வேலைய விட்டு அனுப்பிடுவாங்களோ’ என்ற பயம் வேறு. 2025 ஆகஸ்ட் 27இல் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 சதவிகிதமாக உயர்த்தியது போன்ற நேரங்களில், ஏற்றுமதி ஆர்டரை நம்பியிருக்கும் ஊர்களில் இந்தப் பயம் இன்னும் கூடும்.

அதனால்தான் வேலையில் சேரும்போதே ஓர் ஆடியோகிராம், பிறகு வருடத்துக்கு ஒன்று என்பது முக்கியமாகிறது. கம்பெனி எடுத்தால் நகல் கேட்டு வாங்க வேண்டும். எடுக்காவிட்டால் தானே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கம்பெனி செய்ய வேண்டியது, தொழிலாளி செய்ய வேண்டியது

இயர்பிளக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நிர்வாகம் நினைத்தால் அது தவறு. முதலில் சத்தத்தையே குறைக்க வேண்டும். தேய்ந்த பேரிங்கை மாற்றுவது, அதிரும் மிஷினுக்குக் கீழே ரப்பர் திண்டு வைப்பது, கம்ப்ரஸரைத் தனி அறைக்கு மாற்றுவது, காற்றுக் குழாய்க்கு சைலன்சர் போடுவது போன்றவை பெரும் செலவு பிடிக்காதவை. சத்தமான மிஷினில் ஒரே ஆளை நாள் முழுக்க நிறுத்தாமல் மாற்றி மாற்றி விடுவதும் காதுக்கு ஓய்வு தரும்.

அடுத்ததுதான் இயர்பிளக். நுரை பிளக்கை விரலால் மெல்லியதாக உருட்டி, மறுகையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் பயன் குறைவு. அழுக்குக் கையோடு தொடக் கூடாது. பஞ்சு வைப்பதும், துப்பட்டாவால் காதை மூடிக்கொள்வதும் போதுமான பாதுகாப்பு ஆகாது.

சத்தத்தில் இருந்து விலகினால், சத்தத்தால் வந்த செவித்திறன் இழப்பு பெரும்பாலும் அதற்கு மேல் வேகமாக வளர்வதில்லை. போன செல்கள் திரும்பி வராது, மிச்சம் இருப்பவற்றைக் காப்பாற்றலாம். இரைச்சல் தொடங்கிய முதல் மாதத்தில் டெஸ்ட் எடுப்பவருக்கும் பத்து வருடம் கழித்து எடுப்பவருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.